கடலில் பன்னி போடாதே

என் தம்பி நல்லசிவம் கடலைப் பார்க்காமலே இரண்டு வருஷம் கடலைச் சுத்தம் செய்தான். மத்திய சர்க்காரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அவனுக்கு மேலே இருந்தவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை. மீதிப்பேர் ஓட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்.

அவன் வேலை பார்த்த இடத்துக்குக் கரையோரத் தூய்மைப் பிரிவு என்று பெயர். எண்பத்தாறாம் வருஷம் தொடங்கினார்கள். கடலில் சேரும் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க ஒரு திட்டம். திட்டத்தை நடத்த ஒரு பிரிவு. பிரிவு உட்கார, எந்தக் கடலும் எட்டிப்பார்க்க முடியாத புது தில்லியில் ஒரு பவனின் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் யமுனைக்குப் போகிற நாலா, அதாவது பெருஞ்சாக்கடை, நாறும். அதனால் ஜன்னலைத் திறப்பதில்லை. நாலாவைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. யமுனை வேறு இலாகா.

சுவரில் இந்தியாவின் கரையோரப் படம் ஒன்று தொங்கியது. கூட்டம் நடக்கும் நாளில் சமோசா வரும், பிளாஸ்டிக் பையில். தின்று முடித்த பைகளைச் சுருட்டி ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வெளியே போட்டுவிட்டு உடனே மூடிவிடுவார்கள். அந்த நாலாவுக்கும் கடலுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கக்கூடும் என்று அந்த மாடியில் ஒருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். நான் எட்டாவது முடித்த கையோடு அப்பாவுக்குத் தில்லியில் கடைநிலை வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்தோம். அடுத்த வருஷம் நல்லசிவம் பிறந்தான். புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அப்பா அவனைப் பக்கத்தில் இருந்த இந்திப் பள்ளிக்கூடத்தில் போட்டார். பஸ் ஏறி இறங்க வேண்டாம் என்பது வெளியே சொன்ன காரணம். இந்தி படித்தால் ஆபீசர் ஆகிவிடுவான் என்பது உள்ளே இருந்த ஆசை. தமிழ் எழுத்தைச் சினிமா விளம்பரம் பார்த்து அவனாகவே பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவான், கடகடவென்று படிப்பான். அவனுடைய குறை வேறு. எந்தச் சொல் தமிழ், எந்தச் சொல் இந்தி என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியாது. வீட்டில் வழங்குகிற எல்லாச் சொல்லும் தமிழ் என்று நினைத்தான்.

இன்னொரு குறையும் உண்டு. மறைப்பானேன்? தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் வராது. வழி கேட்டு வருகிறவனுக்குத் தெரியாத தெருவுக்கும் வழி சொல்லி அனுப்புவான். மற்றபடி அவன் மாதிரி ஒருவனை எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நான் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் வீட்டில்தான் இருந்தான். தன் தட்டைத் தானே கழுவுவான். என் கணவர் சி.பி.டபிள்யூ.டி.யில் கிளார்க். வீட்டில் ஓர் ஆண்பிள்ளை தட்டைக் கழுவுவதைப் பார்த்து அவருக்கு வாழ்நாள் முழுக்க ஆச்சரியம்.

கரையோரத் தூய்மைப் பிரிவில் 'தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்' என்ற தகுதியில் அவனைத் தற்காலிகமாக எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. அவனுக்கு மேலே பட்டாபி என்று ஓர் அதிகாரி. மூன்று தலைமுறையாகத் தில்லியில் இருக்கும் குடும்பம். நெற்றியில் பளிச்சென்று திருமண் இருக்கும், வாயில் அழகான தமிழ் இருக்கும், ஆனால் தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இது வெளியே தெரியாது. ஏனென்றால் அந்த இலாகாவின் தமிழ் நிபுணர் என்று கோப்புகளில் பதிவாகியிருந்தவர் அவர்தான். தமிழில் எது வந்தாலும் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, கீழே கையெழுத்துப் போடுவார்.

தட்டச்சுக்குச் செங்கம்மாள். சேலத்துப் பெண். முனிர்காவில் ஓர் அறை எடுத்துத் தாயாரோடு இருந்தாள். தமிழ் மெஷின், இங்கிலீஷ் மெஷின் இரண்டும் அடிப்பாள். கேஷுவல் வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீட்டித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் பெயரையும் நிரந்தரத்துக்கு மேலே அனுப்பியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் தாயும் மகளும் ரயிலேறிச் சேலம் போக வேண்டியதுதான். அங்கே அவர்களை வாவென்று சொல்ல ஒருவரும் இல்லை.

எல்லோருக்கும் மேலே மாத்தூர் சாகிப். அவர் ஒரு நாள் திட்டத்துக்கு வாசகம் எழுதினார். சமஸ்கிருதம் கலந்த இந்தி சாதாரண ஜனங்களுக்குப் புரியாது, நான் காய்கறிக்காரன் பேசுகிற பாஷையில் எழுதியிருக்கிறேன் என்று ஒரு வாரம் பெருமை பேசினார். "சமுந்தர் மே பன்னி மத் டாலோ." தில்லியில் பிளாஸ்டிக் பைக்குப் பன்னி என்று பெயர். வெண்டைக்காயை நிறுத்ததும் காய்கறிக்காரன் "பன்னியில் போட்டுத் தரட்டுமா?" என்றுதான் கேட்பான். புதிதாக வந்த தமிழர்கள் முதல் நாள் திடுக்கிடுவார்கள். பத்து நாளில் காது தானே பிரித்துக்கொள்ளும். நான் கவர் என்பேன். நல்லசிவம் பிறந்ததிலிருந்து தில்லியிலேயே வளர்ந்தவன். அவனுக்கு அது பன்னிதான். சாக்கடை ஓரத்தில் மேய்கிற நாலு கால் பிராணி அவனுக்குச் சூவர். அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை.

வாசகத்தைத் தமிழ்ப்படுத்தும் வேலை அவனிடம் வந்தது. அரை நிமிஷத்தில் எழுதிவிட்டான்: 'கடலில் பன்னி போடாதே! மீன்களைக் காப்பாற்று!'

செங்கம்மாள் மெஷினில் காகிதத்தைச் செருகி, படித்துப் பார்த்து, கையை எடுத்துவிட்டாள்.

"சார், பன்னியா?"

"ஆமா. பன்னிதான்."

"கடல்ல யாருங்க சார் பன்னி போடுறாங்க?"

"எல்லாரும்தான் போடுறாங்க. கறுப்பு பன்னி, வெள்ளை பன்னி, ஒண்ணு விடறதில்ல. அலை அடிச்சுக் கொண்டுபோயிடுது."

"பாவங்க சார்."

"பாவம்தான். மீனு அதை முழுங்கிட்டுச் சாகுது."

"மீனு பன்னியை முழுங்குமா சார்?"

"பெரிய மீனு முழுங்கும். ஜல்தி அடிம்மா, பிரஸ்ஸுக்குப் போகணும்."

பிறகு இந்தப் பேச்சை அவனே எனக்குச் சொன்னான். செங்கம்மாளும் தனியாகச் சொன்னாள். இருவர் சொன்னதும் ஒன்றுதான். சேலத்துப் பெண்ணுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? கடலோர ஊர்களில் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் போலிருக்கிறது, டில்லி சர்க்காருக்குத் தெரியாததா என்று அடித்துவிட்டாள். பட்டாபி கண்ணாடியை ஏற்றினார், உற்றுப் பார்த்தார், 'பார்த்தேன், சரி' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சித்திரம் வரைந்தவன் பஞ்சாபி. கறுப்பாக, உப்பலாக, ஒரு பையை அலைமேல் வரைந்திருந்தான். கைப்பிடிகள் இரண்டும் மேலே காது மாதிரி நிமிர்ந்து நின்றன. சந்தேகப்பட வேண்டியவர்கள் எவராவது இருந்தால் அவர்களுக்கும் அதோடு தீர்ந்திருக்கும்.

சுவரொட்டிகள் கட்டுக் கட்டாகத் தமிழ்நாட்டுக் கரைக்குப் போயின. மீன் ஏலம் விடுகிற இடம், படகுத்துறை, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் ஒன்று விடாமல் ஒட்டினார்கள். ஒட்டுவதில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மீனவர் சங்கத்திலிருந்து தமிழில் ஒரு மனு வந்தது. பட்டாபி வழக்கம்போல, "சுருக்கமா இங்கிலீஷ்ல எழுதிக் குடுடா" என்று நல்லசிவத்திடம் தள்ளினார். இவன் படித்தான். 'எங்கள் கிராமத்தில் பன்றி வளர்ப்பவர் எவரும் இல்லை. பக்கத்துக் குப்பத்தார் எங்கள்மீது பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கார் அதை நம்பிச் சுவரில் ஒட்டியது எங்களுக்குப் பெருத்த அவமானம்' என்று இருந்தது. இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"செங்கம்மா, இதென்ன, பன்றி?"

"பன்னிதான் சார். எழுத்துல பன்றின்னு எழுதுவாங்க."

"பன்னிக்கு எதுக்கு பெரிய ற போடணும்? சரி, வளர்ப்பவர்னு போட்டிருக்கானே. பன்னியை எப்படி வளர்ப்பான்?"

செங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷன் விளையாடுகிறானா என்று அவளுக்குச் சந்தேகம். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உர்ர் உர்ர் என்று உறுமிக் காட்டினாள்.

"சூவர்!" என்று கத்திவிட்டான் நல்லசிவம். அந்த மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரை இவன் இப்படித் திட்டுகிறான் என்று பட்டாபி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட உட்காரவில்லை. என்னிடம் நேரே கேட்டான்.

"அக்கா, காய் வாங்கிட்டு வர்றோம்ல, அதுக்குத் தமிழ்ல என்ன?"

"பை. நீ என்னத்துக்கு இதெல்லாம் கேக்குத?"

"பன்னின்னா?"

"அது பன்னிதாம்ல. ஊர்ல மேயும்லா."

"இத்தனை வருஷமா நான் பன்னி பன்னின்னு சொல்றேனே, நீ ஒண்ணும் சொல்லலையே?"

"இங்க எல்லாவனும் அப்படித்தான சொல்லுதான். நீ அதைக் கொண்டுபோயி சர்க்கார் சுவத்துல ஒட்டுவேன்னு நான் சோசியமா பாத்தேன்?"

என் கணவர் விஷயத்தைக் கேட்டு நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார். "மாப்ளே, கறுப்புப் பன்னி, வெள்ளைப் பன்னியா? மீனு முழுங்குமா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தம்பி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வரைக்கும் இது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த மனு எப்படியோ ஒரு எம்.பி. கைக்குப் போய்விட்டது. கரையோர மக்களைச் சர்க்கார் பன்றி மேய்ப்பவர்கள் என்று சொல்லலாமா என்று பாராளுமன்றத்துக்குக் கேள்வி அனுப்பிவிட்டார். பவன் நடுங்கியது. கடல் முழுக்கப் பிளாஸ்டிக் மிதந்தபோது நடுங்காத பவன் அது.

பட்டாபி நல்லசிவத்தை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மானம் போயிடுத்துடா. நான் யோசிச்சுட்டேன். டைப்பிங் மிஸ்டேக்னு எழுதிட்டேன்."

"சார், டைப்பிங்ல தப்பு இல்லையே. நான் எழுதினதைத்தான் அவ அடிச்சா."

"நீ சித்த சும்மா இரு. அவ கேஷுவல்டா. நீட்டிப்பு குடுக்காம விட்டுட்டா அத்தோட போச்சு. ஒருத்தருக்கும் சேதம் இல்லை."

"அவளுக்கு சார்?"

"உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் மேஜைல இருக்கு. உனக்குத் தெரியுமோ இல்லையோ?"

சர்க்காரில் ஒருத்தருக்கும் சேதம் இல்லை என்று சொன்னால் கேஷுவல் ஆளுக்கு மட்டும் என்று அர்த்தம். அதில் நாற்காலி முதுகில் துண்டு போட்டு உட்காருகிற எந்த அதிகாரிக்கும் கூச்சம் இருந்ததில்லை. என் கணவரே அன்று சொன்னார், "மாப்ளே, வாயைத் திறக்காதே. முதல்ல உன் வேலை நிக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது பாத்துக்கிடலாம்." தம்பி என்னிடம் யோசனை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மாத்தூர் சாகிப் அறையில் விசாரணை. சுவரொட்டி மேஜைமேல் விரித்துக் கிடந்தது. பட்டாபி பக்கத்து நாற்காலியில். நல்லசிவம் நின்றான். செங்கம்மாள் கதவோரம் நின்றாள்; அவளுக்கு இந்தி சரியாக வராது.

மாத்தூர் சாகிபுக்கு முதலில் தப்பு என்ன என்றே புரியவில்லை. சுவரொட்டியை இவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பன்னி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பன்னியைப் பன்னி என்றுதானே எழுதியிருக்கிறது? என் சொல்லே அங்கேயும் வழங்குகிறதே! வாஹ்! தேச ஒற்றுமை என்றால் இதுதான்."

"சார், தமிழ்ல பன்னின்னா சூவர்," என்றான் நல்லசிவம்.

சாகிப் சுவரொட்டியில் இருந்த படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்தக் காதுகளை அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"யார் செய்தது இதை?"

பட்டாபி முந்திக்கொண்டார். "டைப்பிங் தப்பு, சார். கேஷுவல் பொண்ணு. அதோ நிக்கறா."

சாகிப் செங்கம்மாளைப் பார்த்து, நீதானா என்று இந்தியில் கேட்டார். அவளுக்கு அது மட்டும் புரிந்தது.

"நான் கேட்டேனுங்க சார். பன்னியான்னு கேட்டேனுங்க. ஆமான்னு சொன்னாங்க, அடிச்சேன்," என்றாள் தமிழில்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் சாகிப்.

"மான் ரஹீ ஹை, சார்," என்றார் பட்டாபி. ஒப்புக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

தமிழ் எழுத்து தெரியாதவர் என்று பட்டாபியை நான் இளக்காரமாகச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஒரு பெண் சொன்னதை ஒரு மூச்சில் தலைகீழாக மாற்றுகிற அளவுக்குத் தெரியும்.

"அவ அப்படிச் சொல்லலை, சார்," என்றான் என் தம்பி.

"நல்லசிவம், நீ பேசாதே," என்றார் பட்டாபி தமிழில்.

"அவள் என்னிடம் கேட்டாள், சார். பன்னியா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். கறுப்பு பன்னி, வெள்ளை பன்னி என்றுகூடச் சொன்னேன். எனக்குத் தெரியாது, சார். பன்னி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது."

இந்தியில்தான் சொன்னான். முழுசாக, தடுமாறாமல், மாத்தூர் சாகிபுக்குச் சந்தேகம் வராதபடி சொன்னான். தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னான்.

சாகிப் பட்டாபி பக்கம் திரும்பினார். "கையெழுத்து உங்களுடையது. நீங்கள் படிக்கவில்லையா?"

"மேலோட்டமாகப் பார்த்தேன், சார்," என்றார் பட்டாபி.

அதற்கு மேல் சாகிப் கேட்கவில்லை. கேட்டால் வாசகம் யாருடையது என்ற கேள்வியும் வரும். பெரிய மனிதர்கள் ஒருவர் கையெழுத்தை மற்றவர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள்.

முடிவு சீக்கிரமே வந்தது. நல்லசிவத்தின் நிரந்தரம் தள்ளிவைக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் உடைந்த மேஜை நாற்காலி போட்டுவைக்கும் ஸ்டோருக்கு அவனை மாற்றினார்கள். பட்டாபி ஒரு வெளிநாட்டுக் கடல் மாநாட்டுக்குப் போய், அங்கிருந்து பெட்டி நிறைய சாமான் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பையில். பாராளுமன்றக் கேள்விக்கு, சம்பந்தப்பட்ட கரையில் பன்றி எதுவும் கடலில் போடப்பட்டதாகத் தகவல் இல்லை என்று பதில் போனது. அந்த வருஷ அறிக்கையில் அதையே திட்டத்தின் வெற்றியாகக் காட்டினார்கள். புதுச் சுவரொட்டியும் வந்தது. 'பிளாஸ்டிக் பைகள்' என்று இந்த முறை சரியாக எழுதியிருந்தது. உப்புக் காற்றில் கிழியாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினார்கள். முதல் புயலில் எல்லாம் பிய்ந்து கடலில் விழுந்திருக்கும். இது என் ஊகம். இவர்கள் போய்ப் பார்த்து எழுதப் போவதில்லை என்பதால் ஊகமாகவே இருக்கட்டும்.

செங்கம்மாளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தப்பு அவளுடையது இல்லை என்று மாத்தூர் சாகிப் காதில் விழுந்துவிட்ட பிறகு அதை நிறுத்தப் பட்டாபிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அந்தப் பவனில் ஒரு வழக்கம். கேஷுவலுக்கு ஸ்டூல், நிரந்தரமானவர்களுக்கு நாற்காலி. உத்தரவு வந்த மறுநாள் செங்கம்மாள் நாற்காலிக்கான அனுமதிச் சீட்டோடு கீழே ஸ்டோருக்கு வந்தாள்.

"சார், நாற்காலிங்க."

"வாம்மா வா. எல்லாமே நாற்காலிதான். கால் நாலும் இருக்கிறது எதுன்னு பாக்கணும்."

ஒரு மணி நேரம் தேடினான். கால் ஆடாத, பிரம்பு அறாத ஒன்றைக் கண்டுபிடித்து, ஈரத்துணியால் துடைத்து, தானே உட்கார்ந்து பார்த்து, எழுந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தான். லிஃப்டில் சாமான் ஏற்ற மாட்டேன் என்றான் லிஃப்ட்காரன். நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினான். பின்னாலேயே செங்கம்மாள், "குடுங்க சார், நான் ஒரு பக்கம் புடிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மேலே வராந்தாவில் பட்டாபி நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா நல்லசிவம், தலைல என்ன?"

"நாற்காலி சார். இந்தியில குர்ஸி," என்றான் என் தம்பி. "இதுல குழப்பமே கிடையாது. நல்லா விசாரிச்சுட்டேன்."